டட்சனுக்கு நைலோன் புஷ்

1997 ஜூன் மாதம் அம்பாறையில் நடந்த ஒட்டோகுரொஸ் போட்டியில் பஸால் நான்காவதாக வந்தான். நகரத்துக்கு வெளியே ஒரு வெட்டை வெளியில் தார்ப் பீப்பாக்களை நிறுத்திவைத்து, அவற்றுக்கிடையே வளைந்து ஓடித் திரும்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று ஒவ்வொரு காராக விட்டுப் பார்க்கிற போட்டி அது. மூன்றாவதாக வந்தவனுக்கும் அவனுக்கும் இடையில் இரண்டு செக்கன்கூட இல்லை. அடுத்த போட்டி செப்டெம்பர் கடைசியில் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

பஸாலுக்கு முப்பத்தைந்து வயது. கல்முனைக் கடைத்தெருவில் தண்ணீர்ப் பம்பும் கை உழவு மிசினின் உதிரிப் பாகங்களும் விற்றான். வீடு நிந்தவூரில். அவனிடமிருந்த 1972ஆம் ஆண்டு டட்சன்தான் வீட்டுக் கார், கடைக் கார், போட்டிக் கார் எல்லாம். கிழமையில் மூன்று நாள் அது ஆஸ்பத்திரிக் காராகவும் இருந்தது.

அந்த மூன்று நாளும் அதாவுல்லாவுக்கு உரியவை. அதாவுல்லா இரண்டு வீடு தள்ளி இருந்தவன். இருபத்தேழு வயது. மிசின் படகில் எஞ்சின் பார்க்கிற வேலை. தை மாதக் கடல் பொங்கிக் கிடந்த ஒரு காலையில் சின்ன வள்ளமொன்றைக் கரையேற்ற நாலு பேருடன் கைகொடுக்கப் போனான். அலை வள்ளத்தைத் தூக்கி அவன் இடுப்பில் அடித்தது. முள்ளந்தண்டில் இரண்டு எலும்பு நொறுங்கிப் போயிற்று. தூர இடத்து ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்து அனுப்பினார்கள். கால்களில் உணர்ச்சி இருந்தது, பலம் இல்லை. திங்கள், புதன், வெள்ளி கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி செய்ய வேண்டும். அப்படியொரு உடம்பை பஸ்ஸில் ஏற்ற முடியாது. காலையில் கடைக்குப் போகும்போது பஸாலும் அதாவுல்லாவின் மனைவி சுல்பிகாவும் அவனைத் தூக்கிவந்து டட்சனின் பின் சீற்றில் முழங்கால் மடித்துப் படுக்க வைப்பார்கள். சுல்பிகா முன்னால் ஏறிக்கொள்வாள்.

பின் சீற்றில் படுத்தபடியே அதாவுல்லா போட்டிக் கதை கேட்பான். நான்காவதாக வந்த கதையையும் அப்படித்தான் கேட்டான். பஸாலை அவன் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அழைப்பான். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"காக்கா, நீங்க திருப்புற நேரத்துக்குக் கார் திரும்பல்ல. எஞ்சின் நல்லம், டயர் நல்லம். புஷ் செத்துப் போச்சு."

"நீ முகட்டப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கிறாய். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"படுத்திருக்கிறதாலதான் தெரியுது. பிரேக் அடிக்கிற நேரமெல்லாம் கீழுக்கு 'டொக்' எண்டு ஒரு சத்தம் வருது. ஒருக்கா ஜக் அடிச்சுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸால் காரைத் தூக்கி நிறுத்தி, கீழே படுத்து, இரும்புப் பாரையால் நெம்பிப் பார்த்தான். சில்லைத் தாங்குகிற இரும்புக் கைகளும் பின்பக்கத்து ஸ்பிரிங் பிளேட்டுகளும் காரின் சட்டத்தோடு சேருகிற இடங்களிலெல்லாம் ஒரு றப்பர் புஷ் இருக்கும். ஒரு கட்டைவிரல் பருமன்தான். இரும்போடு இரும்பு முட்டாமல் நடுவில் இருந்து அடியை வாங்கிக்கொள்வது அதுதான். இருபத்தைந்து வருட றப்பர். பாரையைத் தொட்டதும் உதிர்ந்து அவன் கண்ணில் விழுந்தது.

கொழும்பிலிருந்து புது றப்பர் எடுப்பிக்கலாம் என்று பஸால் நினைத்தான். அதாவுல்லா விடவில்லை.

"றப்பர் போட்டா பழைய காராகும். நைலோன் போட்டா போட்டிக் காராகும். நைலோன் நசியாது. நீங்க ஸ்டியரிங்க அசைச்ச உடனே சில்லு கேக்கும். எங்கட ஊட்டுக் கட்டிலுக்குக் கீழ ஒரு நைலோன் கட்டை கிடக்கு காக்கா. படகு அச்சுக்குக் கடையிறதுக்கு எடுத்து வெச்சது. இனி எனக்கு என்னத்துக்கு?"

பழைய புஷ்களையும் அளவெடுக்கும் கம்பாசையும் பஸால் கொண்டுவந்து கொடுத்தான். அதாவுல்லா நெஞ்சில் ஒரு பலகையை வைத்து, கொப்பித் தாளில் ஒவ்வொன்றாகக் கீறினான். உள் விட்டம், வெளி விட்டம், விளிம்பின் தடிப்பு, கிரீஸ் நிற்க உள்ளே வெட்ட வேண்டிய காடி. பிழையானதைக் கிழித்தான், திரும்பக் கீறினான். இரண்டு கிழமை அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. தை மாதத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் பொருள் பென்சில்தான் என்று சுல்பிகா பஸாலின் மனைவி ஸுஹைறாவிடம் சொன்னாள்.

கடைசல் வேலைக்குக் காரைதீவில் கேதீஸ்வரன் இருந்தார். பிரதான வீதியோரத்தில் லேத் மெசின் வைத்து, நெல் ஆலைகளின் அச்சும் உருளையும் கடைந்துகொண்டிருந்தவர். ஐம்பது வயதிருக்கும். படத்தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத ஆர் தம்பி கீறினது?"

"எங்கட அதாவுல்லாதான், அண்ணன். இடுப்பில அடிபட்ட பொடியன்."

"படுத்துக்கொண்டா கீறினவன்? என்னட்ட நடந்து வாறவனெல்லாம் வாயால அளவு சொல்லுறான்." அவர் ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "இது பிழை. முன்னால போற இந்த நீளக் கம்பிக்கு றப்பர்தான் போடோணும். அது மேலயும் கீழயும் ஆடுற சாமான். இறுக்கிப் பிடிச்சா ஒருநாள் முறிஞ்சுபோகும். மற்றதெல்லாம் நான் கடைஞ்சு தாறன்."

ஓகஸ்ட் முதல் கிழமையில் புஷ்கள் ஏறின. வெண்ணெய்க் கட்டி போல் பளபளவென்று இருந்தன. அன்று பின்னேரமே பஸால் காரை வெளியே எடுத்தான். காரைதீவுச் சந்தியில் படையினர் வண்டிகளை மெதுவாக்குவதற்காகக் குறுக்கும் மறுக்குமாகப் பீப்பாக்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அவன் வளைந்து போகிற பீப்பாக்கள்தான். அன்றைக்கு ஸ்டியரிங்கை இரண்டு விரலால் அசைத்தான், கார் நினைத்த இடத்தில் போய் நின்றது. காவலில் நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். பஸாலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையில் ஒரு மெல்லிய அதிர்வு ஏறிக்கொண்டே இருந்தது. அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது. வீதி தன்னோடு கதைக்கிற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அதாவுல்லாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

"எப்படி?"

"சுப்பர் காக்கா," என்றான் அதாவுல்லா பின்னாலிருந்து. "இப்ப திருப்பினீங்களே, வால் ஆடினதா?"

"ஒரு துளி ஆடல்ல."

"நான் சொல்லல்லயா?"

புதனும் வெள்ளியும் அடுத்த கிழமையும் அப்படியே போயிற்று. அதாவுல்லா முன்னைப்போல் அதிகம் கதைக்கவில்லை என்பதை பஸால் கவனிக்கவில்லை. அவன்தான் முழுப் பாதையும் கதைத்துக்கொண்டு வந்தானே.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை. பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்த பஸாலின் முன்னால், சோற்றுக்குப் பதில் ஒரு துவாயைக் கொண்டுவந்து வைத்தாள் ஸுஹைறா. அதன் ஒரு மூலை நார்நாராகக் கிழிந்திருந்தது.

"இது என்ன?"

"அதாவுல்லாட துவாய். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கழுத்தில போட்டுக்கிட்டு வருவானே, அது. நல்லாப் பாருங்க, எலி கடிச்சதில்ல. மனிசன்ட பல்லு."

பஸாலுக்கு விளங்கவில்லை.

"புது புஷ் போட்ட நாளையிலிருந்து ஒவ்வொரு குழியும் அவன்ட முதுகில நேரா இறங்குதாம். கத்தாம இருக்க இதக் கடிச்சுக்கிட்டு வாறானாம். ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கிற மிஸ்ஸும் கேட்டிரிக்கா, போன மாசம் தூக்கின காலை ஏன் இப்ப தூக்குறல்ல எண்டு. சுல்பிகா முன் சீற்ல இருந்து எல்லாத்தையும் கண்ணாடியால பார்த்துக்கிட்டு வந்திரிக்காள். ஒங்களுக்கிட்ட சொன்னா தலாக் எண்டு வெருட்டி வெச்சிரிக்கான். அவள் எனக்கிட்ட அழுதுட்டுப் போறாள்."

"அப்படி நோவெண்டா அவன் எனக்கிட்டச் சொல்லியிருப்பான். நானும் அந்தக் கார்லதான் போறன். எனக்கொண்டும் தெரியல்லயே."

"நீங்க முன்னால இருந்து குழியப் பார்த்துக்கிட்டுப் போறீங்க. அவன் முகட்டப் பார்த்துக்கிட்டுக் கிடக்கான். நம்பல்லயெண்டா ஒருக்கா அந்த இடத்தில படுத்துப் பாருங்க." துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸால் சாப்பிடவில்லை. நேரே காரைதீவுக்குப் போய் கேதீஸ்வரனிடம் சாவியை நீட்டினான்.

"அண்ணன், ஒருக்கா கல்முனை ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டுங்க. நிந்தவூரில இருந்து தொடங்கோணும். நான் பின்னால படுக்கிறன்."

கேதீஸ்வரன் சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கையைத் துடைத்துவிட்டு ஏறினார்.

நிந்தவூரில் காரைத் திருப்பியதும் பஸால் முழங்காலை மடித்துப் படுத்தான். யன்னலில் தென்னை மட்டைகளும் மின்கம்பியும் மட்டும் தெரிந்தன. முதலில் அந்த அதிர்வுதான் வந்தது. கையில் ஏறியபோது வீதி கதைக்கிற மாதிரி இருந்தது, இங்கே தாடையில் ஏறிப் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருந்த இடத்தில் கேதீஸ்வரன் விலகி ஓட்டினார். சில்லு தார் விளிம்பை விட்டு இறங்கியது. எதிர்பாராத அடி, இடுப்பில். அடுத்தது எப்போது வரும் என்று தெரியவில்லை. அதனால் உடம்பு முழுவதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இறுக்கிப் பிடித்த உடம்புக்கு அடி இன்னும் கூடுதலாகப் பட்டது. காரைதீவுக்கு முன்னாலுள்ள பாலத்தில் ஏறுகிற மூட்டில் ஒன்று, இறங்குகிற மூட்டில் ஒன்று. இரண்டாவதுக்கு அவன் வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது. நல்ல முதுகு உள்ளவன் அவன்.

"நிப்பாட்டவா தம்பி?"

"வேணாம். போங்க."

சாய்ந்தமருதைத் தாண்டும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்ற பிறகும் எழும்பவில்லை. கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். பஸால் முகத்தைச் சீற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அவர் இறங்கி, வெளியே போய் நின்றார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதாவுல்லாவின் வீட்டுக்குப் போனான் பஸால். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"நாளைக்குக் காலையில புஷ் எல்லாத்தையும் களட்டுறன்."

அதாவுல்லா அடுப்படிப் பக்கம் பார்த்தான். அங்கேதான் சுல்பிகா இருந்தாள்.

"ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நானே படுத்துப் பார்த்தன். ஏன்டா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற?" அதாவுல்லாவின் குரல் உயர்ந்தது. "எட்டு மாசமாத் தூக்கி ஏத்துறீங்க, தூக்கி இறக்குறீங்க. என்னால ஒருத்தருக்கும் ஒரு பிரயோசனம் இல்ல. கக்கூசுக்குப் போறதுக்கும் இவள்ட தோள்தான். அந்த புஷ் ஒண்டுதான் காக்கா என்ட கையால நடந்த வேலை. என்ட நைலோன், என்ட படம். நீங்க அந்தச் சந்தோசத்தில கதைச்சுக்கிட்டு வந்தீங்க. அதுக்குள்ள நோகுது எண்டு நான் எப்படிச் சொல்ற? இப்ப அதையும் களட்டப் போறீங்க."

கழற்றுவதுதான் இவனுக்குச் செய்கிற நன்மை என்று பஸால் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அது இன்னொரு அடியாக விழும் என்று யோசிக்கவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்தான்.

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு," என்றான். "போட்டியும் ஓடோணும், நீயும் நோகாமப் போகோணும். நைலோன் கீறத் தெரிஞ்சவனுக்கு இதுக்கும் ஒரு வழி தெரியோணுமே. எனக்குத் தெரியாது. ஒன்னட்டத்தான் கேக்கிறன்."

அதாவுல்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சுல்பிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போயிற்று. பஸால் எழும்பப் போன நேரத்தில் சுவரைப் பார்த்தபடியே அவன் கேட்டான்:

"பின்னால ஸ்பிரிங் பிளேட்டுக்கு எத்தனை புஷ்?"

"பக்கத்துக்கு மூணு."

"எனக்கு அடிக்கிறது அதுதான். முன்னால நைலோன் கிடக்கட்டும். திருப்புறதுக்கு முன்பக்கம்தான் முக்கியம். பின்னால..." அவன் மெல்லத் திரும்பினான். "லொறி புஷ் றப்பர் எப்படி? பழைய டட்சன் றப்பர் மாதிரிக் கொழகொழ எண்டிராது. நைலோன் மாதிரிக் கல்லாவும் இராது. பெரிசுதான். கடைஞ்சு சின்னனாக்கோணும். சுல்பிகா, அந்தக் கொப்பியை எடு."

புதுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேதீஸ்வரன் தலையாட்டவில்லை. "றப்பர லேத்தில கடையேலாது தம்பி. கத்தியைக் கண்டா நெளிஞ்சு ஒதுங்கும். பிய்ஞ்சு போகுமே தவிர வெட்டுப்படாது."

பஸால் அதைக் கொண்டுவந்து சொன்னபோது அதாவுல்லா நெடுநேரம் யோசிக்கவில்லை.

"ஐஸ்ல போடச் சொல்லுங்க. ஐஸைத் தூளாக்கி உப்புக் கலந்து, அதுக்குள்ள ஒரு பகல் வைக்கோணும். மீன் எப்படி விறைக்குது? அப்படி விறைக்கும். எடுத்த உடனே கெதியா வெட்டோணும், இளகுறதுக்குள்ள." பிறகு சொன்னான்: "நானும் வாறன். அவர் பிழையா வெட்டிப் போடுவார்."

மீன் வாடியில் ஒரு பகல் முழுக்க உப்பு ஐஸில் கிடந்த றப்பர்களைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு பஸால் காரைதீவுக்குப் போனான். அதாவுல்லாவுக்கு அடியில் இரண்டு மெத்தை விரித்து, முழுப் பாதையும் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். லேத் மெசினுக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரை ஒன்றைப் போட்டு, தலையணைகளை அண்டக் கொடுத்து, அதாவுல்லாவை இருத்தினார்கள். முதல் றப்பர் வெட்டும்போதே இளகிப் பிய்ந்தது. இரண்டாவதும் அப்படியே.

"உப்புக் காணாது," என்றான் அதாவுல்லா.

"உப்பில்ல, என்ட கத்திதான் பிழை," என்று கேதீஸ்வரன் வேறு கத்தியைத் தீட்டினார். மூன்றாவது, தோலுரிகிற மாதிரி வழுவழுவென்று கறுப்புச் சுருளாக வெட்டுப்பட்டு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் "ஓம், இதுதான்!" என்றார்கள். ஆறு புஷ்ஷும் கடைந்து, சாணைக்கல்லில் தேய்த்து முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. அதாவுல்லா அவ்வளவு நேரமும் நிமிர்ந்து இருந்தான் என்பதை, அவனைத் தூக்க வந்தபோதுதான் பஸால் கவனித்தான். முகம் வேர்த்திருந்தது.

"நோகுதா?"

"இல்ல," என்று பழக்கத்தில் சொன்னான் அதாவுல்லா.

செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூவரும் அம்பாறைக்குப் போனார்கள். கேதீஸ்வரன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வெட்டையின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அதாவுல்லாவுக்குக் கதிரை போட்டார்கள். எட்டு மாதத்தில் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் லேத்தையும் தவிர அவன் பார்த்த முதல் இடம் அது. புழுதியும் பெற்றோல் மணமும் சனங்களின் கூச்சலும் அவனைத் திக்குமுக்காட வைத்தன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் சிறந்தது கணக்கு. முதல் ஓட்டத்தில் பஸால் கடைசிப் பீப்பாவை இடித்துத் தள்ளினான். அதற்கு ஐந்து செக்கன் தண்டம். வேப்பமரத்தடியிலிருந்து வந்த ஏச்சு அவனுக்கு எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. இரண்டாவது சுத்தமான ஓட்டம், ஆனால் பயந்து ஓடியது. மூன்றாவதில் பயமில்லை. முன் சில்லுகள் சொன்னதைக் கேட்டன. பின்பக்கம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சமே கொஞ்சம் நசிந்து கொடுத்துவிட்டு, திரும்ப வந்து நின்றது.

மூன்றாவது இடம். இரண்டாவது ஆளுக்கும் அவனுக்கும் அரைச் செக்கன் வித்தியாசம்.

"பின்னாலயும் நைலோன் கிடந்திருந்தா இரண்டாவதா வந்திருக்கலாம் போல," என்றார் கேதீஸ்வரன் மெதுவாக.

"இல்ல அண்ணன்," என்றான் அதாவுல்லா. "நாலாவது பீப்பாவில காக்கா முந்தித் திருப்பிட்டார். அது புஷ்ஷால இல்ல, அவர்ட அவசரத்தால. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தன்."

பஸால் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு சிரித்தான். அரைச் செக்கனைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஏச்சு வாங்குவது நன்றாக இருந்தது.

இரண்டாவதாக வந்த அம்பாறைக்காரர் டட்சனுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். பஸால் வேப்பமரத்தைக் காட்டினான். அவர் கதிரைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். அவருக்குத் தமிழ் அரைகுறை, அதாவுல்லாவுக்குச் சிங்களம் அரைகுறை. இருவரும் நிலத்தில் குச்சியால் வட்டம் கீறிக் கதைத்தார்கள். தன் காரின் புஷ்களைக் கழற்றி அனுப்பினால் படம் கீறித் தருவாயா என்று அவர் கேட்டார்.

"அனுப்புங்க," என்றான் அதாவுல்லா. "ஆனா பின் சீற்ல ஆரு போறது எண்டும் எழுதி அனுப்புங்க."

திரும்பி வரும்போது கேதீஸ்வரன் முன் சீற்றில் தூங்கிவிட்டார். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். வீதி கொஞ்ச தூரத்துக்கு நல்லதாக இருந்தது. பஸால் வழமைபோல மெதுவாகவே ஓட்டினான்.

"காக்கா, ஒருக்கா கெதியா ஓடுங்க பாப்பம்."

"நோகும்டா."

"நோவெண்டா சொல்றன்."

பஸால் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். பிறகு கியரை மாற்றி மிதித்தான். டட்சன் சீறிக்கொண்டு கிளம்பியது. வயல்வெளிக் காற்று யன்னலால் அடித்தது. கேதீஸ்வரன் திடுக்கிட்டு எழும்பி டாஷ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து அதாவுல்லாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. பஸால் அதைக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது.

சம்மாந்துறைக்குக் கிட்ட வரும்போது வீதி கெட்டுப்போய்க் கிடந்தது. முதல் குழி. இரண்டாவது.

"காக்கா, நோகுது," என்றான் அதாவுல்லா. "மெல்லப் போங்க."

பஸால் மெல்லப் போனான்.